கடல் என்று கொடுத்த பாட்டில்

என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு பாட்டில் கடல் தண்ணீர் கேட்டாள். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை சைக்கிளில் இருபது நிமிடம்கூட ஆகாது. நான் கொண்டுபோய்க் கொடுத்தது கடல் தண்ணீர் இல்லை.

அது 2005, புரட்டாசி பிறக்கிற சமயம். சுனாமி வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது மாதத்தில் நான் ஒருமுறைகூடக் கடலைப் பார்க்கவில்லை. மரக்காணத்தில் இருந்துகொண்டு இது எப்படி முடியும் என்று கேட்கலாம். என் வேலை உப்பளத்தில். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேடும் சவுக்குத்தோப்பும் இருக்கின்றன. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டால் முடிந்துவிடும். காதைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் மழையில் உடைந்த வரப்பைப் பார்க்க உப்பளத்துக்குப் போயிருந்தேன். மகள் தன் வகுப்புத் தோழியைப் பார்க்கக் கடலோரக் குப்பத்துக்குப் போயிருந்தாள். கால்வாய்ப் பக்கமிருந்து தண்ணீர் கறுப்பாக, வழக்கமாக ஓடுகிற திசைக்கு எதிராக வந்தது. நான் ஓடவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. பதினோரு மணிக்கு மேல் மெயின் ரோட்டில், முன்பின் தெரியாதவர்களோடு ஒரு லாரியின் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. கீறல்கூட இல்லை. தோழியும் பிழைத்துக்கொண்டாள். உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, கடவுள் புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். ஒன்றும் ஆகாதவனிடம் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

துருவப் பனி உருகுவதைப் பற்றி அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். செய்தித்தாளில் எங்காவது ஒரு பத்தி வந்தால் கத்தரித்து வைப்பேன். கடல் மட்டம் உயரும், கரையோர ஊர்கள் மூழ்கும் என்று போட்டிருக்கும். எந்த ஊர், எப்போது என்று போடமாட்டார்கள். உப்பளத்துக்குக் கடல்நீர் வரும் ஓடையில் ஒரு கழியை நட்டு, கத்தியால் கோடு போட்டு, தினமும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஒரு நாள் கோட்டுக்கு மேலே இருக்கும், மறுநாள் கீழே இருக்கும்.

"இன்னா சார், கடலுக்கு வாட்ச்மேனா?" என்று உப்பு வாரும் பெண்களில் ஒருத்தி கேட்டாள். "சம்பளம் யாரு தர்றாங்க?"

வீட்டில் மனைவி வேறு மாதிரி கேட்டாள். "ஏங்க, வட துருவத்துல ஐஸ் உருகுனா மரக்காணத்துல இருக்கிற நீங்க எதுக்குத் தூக்கத்தை விடணும்?"

கண்காட்சிக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்த மகள் அந்தக் கத்தரிப்புகளில் ஒன்றை எடுத்துப் படித்தாள். செய்முறை அவளே யோசித்தது. டம்ளரில் கடல் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டியைப் போட்டு, விளிம்பு மட்டும் நிரப்ப வேண்டும். கீழே ஒரு தட்டில் காகித வீடுகள். ஐஸ் உருகும்போது தண்ணீர் வழிந்து வீடுகள் நனையும்.

"ஒரு பாட்டில் போதும்ப்பா. வரும்போது எடுத்தாந்துடு."

காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் மாலை சவுக்குத்தோப்பு வரை போனேன். அலைச்சத்தம் கேட்டதும் சைக்கிளை விட்டு இறங்கினேன். அதற்கு மேல் கால் போகவில்லை. திரும்பிப்போய், உப்பு விளைந்துகொண்டிருந்த பாத்தி ஒன்றில் பாட்டிலை அமுக்கி நிரப்பினேன். அதுவும் கடலிலிருந்து வந்த தண்ணீர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் "இந்தா, கடல் தண்ணி" என்று கொடுத்தேன்.

ஐஸ் கட்டி பக்கத்து ஊரான அனுமந்தையில் மீனுக்குப் போடுகிற ஐஸ். தவிட்டில் புதைத்து எடுத்துவந்தேன். சமையலறைத் தரையில் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். உருக வெகு நேரம் ஆனது. பிறகு டம்ளரின் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கியது, இறங்கியது. அதன் பின்னாலேயே அடுத்தது. சிறிது நேரத்தில் ஒழுகி ஓடித் தட்டில் பரவியது. ஒரு காகித வீட்டின் கதவில் அவள் 'நம்ம வீடு' என்று எழுதியிருந்தாள். அதன் சுவர் ஊறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மகள் கை தட்டினாள். நான் அந்த வீட்டை விரலால் நிமிர்த்திப் பார்த்தேன், நிற்கவில்லை.

கண்காட்சியிலும் அப்படியே வழிந்தது. இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். வழியும் என்று எல்லோரும் எதிர்பார்த்துத்தான் நின்றோம். வழிந்ததும் யாரும் எதையும் கேட்கவில்லை.

அந்த வாரமே முடிவு செய்தேன். மனைவியின் அண்ணன் வீடு செஞ்சியில் இருந்தது. கடலிலிருந்து வெகு தூரம், சுற்றிலும் பாறைமலை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இருவரும் அங்கே போய்விட வேண்டும், வேலையை விட முடியாததால் நான் மட்டும் இங்கே இருப்பேன் என்றேன். மனைவி நேராகவே கேட்டாள்.

"ஒரு டம்ளர் தண்ணி வழிஞ்சதுக்குக் குடும்பத்தை ரெண்டா பிரிக்கிறீங்களே, நல்லாயிருக்குதா?"

மகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "நான் போகமாட்டேன். என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான இருக்காங்க? அவங்கல்லாம் முழுகிப்போயிடுவாங்களா?" என்று அழுதாள். பஸ் ஏறும்போதும் அழுதாள். நடுவருடத்தில் சான்றிதழ் வாங்கவும் சேர்க்கவும் கஷ்டப்படுவோம் என்று நினைத்திருந்தேன். மரக்காணம், சுனாமி என்றதுமே இரண்டு பள்ளியிலும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு வீட்டில் நான் மட்டும். சாதம் வடித்தால் இரண்டு வேளைக்கு வரும். மழைக்காலத்தில் உப்பளத்திலும் வேலை இல்லாமல், ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, மாலையில் கடைக்காரரிடம் தீப்பெட்டி கேட்டபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. காகித வீடுகள் இருந்த தட்டை மகள் அலமாரிமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை நான் எடுக்கவில்லை. கழியையும் எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை செஞ்சிக்குப் போய் வந்தேன். போகும்போதெல்லாம் அவள் "எப்பப்பா கூட்டிட்டுப் போவ?" என்று கேட்டாள். பிறகு எப்போதோ கேட்பதை நிறுத்தியிருக்கிறாள். அதை நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை போன் செய்தாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு.

"அப்பா, வழியலப்பா."

"எது?"

"டம்ளர். ஸ்கூல்ல திரும்பச் செஞ்சு காமிச்சேன். போர் தண்ணில ஐஸைப் போட்டேன். முழுசா உருகிடுச்சு, ஒரு சொட்டுகூட வழியல. மிதக்கிற ஐஸ் உருகுனா வழியாதாம். தனக்கு வேண்டிய இடத்தை அது முன்னாடியே எடுத்துக்குதாம். மிஸ் சொன்னாங்க."

"அப்ப நம்ம வீட்ல எப்படி வழிஞ்சுது?"

"அதான் தெரியல. கடல் தண்ணின்னா கொஞ்சூண்டு ஏறும், அப்படி ஊத்தாதுன்னு மிஸ் சொல்றாங்க. நீ அடுத்த வாரம் வரும்போது ஒரு பாட்டில் எடுத்தாந்துடுப்பா. நிஜக் கடல் தண்ணி."

நிஜக் கடல் தண்ணி என்று அவள் சொன்னதை அப்போது நான் யோசிக்கவில்லை. எனக்கு வேறொன்று உறைத்துக்கொண்டிருந்தது. உப்பளத்தில் என் வேலையே டிகிரி பார்ப்பதுதான். பாத்தித் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, எவ்வளவு கனமாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடல்நீரில் குழாய் ஆழமாக அமிழ்ந்து மூன்றைக் காட்டும். உப்பு விளையும் பாத்தியில் மேலே எழும்பி நின்று இருபத்தைந்தைக் காட்டும். கனத்த தண்ணீரில் குழாய் எழும்புவதுபோலத்தான் ஐஸும் எழும்பி நிற்கும். குறைந்த இடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, உருகி நல்ல தண்ணீரானதும் அதிக இடம் கேட்கும். பதினெட்டு வருடம் தினமும் அந்தக் குழாயைப் பார்த்தவன் நான்.

மறுநாள் வேலை முடிந்ததும் சவுக்குத்தோப்பு வரை போய்ச் சைக்கிளைச் சாய்த்தேன். இந்த முறை நிற்கவில்லை என்று எழுத ஆசைதான். நின்றேன். ஒரு பீடி நேரம் நின்றுவிட்டு, பாட்டிலை மார்போடு பிடித்துக்கொண்டு மணலில் இறங்கினேன். கடல் சின்னதாக இருந்தது. அப்படித்தான் தோன்றியது. குனிந்து பாட்டிலை அமுக்கியபோது ஓர் அலை வந்து முழங்கால்வரை நனைத்தது. கத்திவிட்டேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாபா, ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டில் மூன்று டம்ளர் வைத்து ஐஸ் போட்டேன். குடிதண்ணீரில் ஒன்றும் நடக்கவில்லை. கடல் தண்ணீர் விளிம்பில் லேசாக உப்பி நின்றது, வழியவில்லை. பாத்தித் தண்ணீர் போன வருடம்போலவே ஒழுகித் தரையை நனைத்தது.

அவள் திரும்பி வரத்தான் போன் செய்திருக்கிறாள் என்று நான் நிச்சயமாக நம்பினேன். பழைய பள்ளிக்குப் போய் விண்ணப்பம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அலமாரியிலிருந்து தட்டை இறக்கித் துடைத்தேன். இரண்டு பாட்டில்களில் 'கடல்', 'உப்பளம்' என்று எழுதி ஒட்டினேன்.

திண்டிவனத்தில் மாறிய பஸ்ஸில் கண்டக்டர் பையை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பாட்டிலு? சரக்கா?"

"கடல் தண்ணிங்க."

"இன்னாத்துக்கு? செஞ்சியில பீச் கட்டப் போறீங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெகு நாளைக்குப் பிறகு.

மகள் பாட்டில்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். போன வருடம் நான் கொடுத்தது கடல் தண்ணீர் இல்லை என்று சொன்னேன். பஸ்ஸில் வழியெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"தெரியும்ப்பா."

"எப்பத்திலேர்ந்து?"

"அன்னிக்கே. டம்ளர் காய்ஞ்சதும் வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சே. கடல் தண்ணி அப்படியா காயும்? அதனாலதான் வழிஞ்சுதுன்னு இப்பத்தான் தெரியுது."

"அன்னிக்கே ஏம்மா கேக்கல?"

"நீ கடல் பக்கம் போறதில்லன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "இப்பப் போனியா?"

"போனேன். பேன்ட் நனைஞ்சுபோச்சு."

அவள் சிரித்தாள். நிலத்தின்மேல் கிடக்கிற பனி வேறு, அது உருகி ஓடிவந்தால் கடல் உயரத்தான் செய்யும் என்று எனக்கு விளக்கினாள். எவ்வளவு நாளில் என்று கேட்டேன். மிஸ்ஸுக்கே சரியாகத் தெரியவில்லையாம், ஆனால் நாளைக்கே வராதாம். நான் சட்டைப்பையில் கையை வைத்தேன். அப்படியானால் ஊருக்கு வந்துவிடலாமே என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் டென்த்ப்பா. இங்கயே முடிச்சிடறேனே? இப்பத்தான் எல்லாரும் ஃபிரெண்ட்ஸ் ஆகியிருக்காங்க." பிறகு மெதுவாக, "நீதானப்பா இங்க சேர்த்த" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை.

விண்ணப்பத்தை நான் வெளியே எடுக்கவில்லை. பஸ் நிலையம்வரை அவளும் வந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று, பாத்தித் தண்ணீரின் டிகிரி எத்தனை, வகுப்பில் கேட்பார்கள் என்றாள். இருபத்தைந்து என்றேன். கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். இந்த முறை அவள் அழவில்லை.