கேளாமல் அச்சடித்த ஓவியம்

சுலோஜனாவின் பெயரை என் மச்சாளின் மகள் கலியாணத்தில்தான் முதலில் கேட்டேன். சுலோஜனாவை அவளுடைய ஒன்றைவிட்ட அண்ணன் மதீசன் ஜெர்மனியின் ஹம் நகரத் துணிக்கடைப் பங்கிலிருந்து துரத்திவிட்டானாம். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் ஓவியங்களை அவர்களைக் கேளாமலே துணியில் அச்சடித்து விற்றவன் அவன்.

2004இல் அவள் அந்த ஓவியர்களின் ஊருக்கே போனாள். பழிவாங்கத்தான் போனேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள். அங்கே ஒவ்வொரு ஓவியமும் ஒரு குடும்பத்தின் சொத்து. மூத்த பெண்கள் சம்மதிக்காமல் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அவர்களோடு பல நாள் இருந்து பழகிய பிறகே ஓவியங்களைத் துணியில் அச்சடிக்கும் வியாபாரம் பேசினாள். விலையை அவர்களே வைத்தார்கள், இவள் பங்காளியானாள். கடைசியாக, மதீசனின் துணியை எடுத்து விரித்துக் காட்டினாள்.

அவர்களுடைய வக்கீலின் கடிதம் கிடைத்ததும் மதீசன் இவளிடம் ஓடிவந்தான்.

"தங்கச்சி, எனக்காக அவையளோடை ஒருக்கா கதையன்."

"ஏலாது அண்ணை. 'உங்கடை அண்ணைக்குக் கேட்டு எடுக்கிற பழக்கமே இல்லையோ' எண்டு அவையள் என்னட்டைக் கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல?"

மதீசன் கடையைப் பூட்டினான். அதை அவளே வாடகைக்கு எடுத்தாள். இப்போதும் அங்கேதான் அவர்கள் சம்மதித்துத் தந்த ஓவியத் துணிகளை விற்றுக்கொண்டிருக்கிறாள்.