கன்னத்தளவு

பிரைண்டலுக்கு ஐம்பத்தெட்டு வயது. இஸ்ரேலின் ப்னேய் ப்ராக் ஊரில், எங்கள் தெருக்கோடி கிளினிக்கில் நர்ஸ். இருபத்திரண்டு வருடமாக, தண்ணீரும் தொடாத யூத நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று அவள் ஜெபக்கூடத்துக்குப் போனதில்லை. ஊரே நோன்பில் நிற்கும்போது, நோன்பிருக்கக் கூடாதவர்களின் வீடுகளுக்கு மாடி மாடியாக ஏறி இறங்குவாள். அவளும் நோன்புதான். உலர்ந்த நாக்கோடு மற்றவர்களைக் குடிக்கச் சொல்வாள்.

முந்தைய வாரமே அவர்களை உட்காரவைத்து வாய் நிறையத் தண்ணீர் கொடுப்பாள். விழுங்கக் கூடாது, கோப்பையில் துப்ப வேண்டும். துப்பியதில் பாதிக்குச் சற்றுக் கீழே மையால் ஒரு கோடு. அந்த அளவுக்குள், ஒன்பது நிமிஷத்துக்கு ஒருமுறை குடித்தால் நோன்பை முழுதாக முறித்ததாகாது. ஒருவர் கோப்பை இன்னொருவருக்கு ஆகாது. கன்னம் வேறு.

ரக்மியேலுக்கும் கோடு போட்டிருந்தாள். தங்கை கிட்டல் கொடுத்த சிறுநீரகம் அவனுக்குப் பொருத்தப்பட்டு ஏழு வாரம். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்றார் டாக்டர். கோப்பையால் குடிக்கட்டும் என்றார் மதச் சட்டம் சொல்லும் ரபி. நோன்பு அன்று எழுதக் கூடாது, எத்தனை முறை என்று குறித்துவைக்க முடியாது. அதனால் பிரைண்டல் முந்தின நாளே ஆறு அரை லிட்டர் பாட்டில்களை நிரப்பி அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குப் போனபோது ஐந்து பாட்டில்கள் நிரம்பியபடியே நின்றன.

"என்ன ரக்மியேல், பாட்டிலுக்கும் நோன்பா?"

"குடிச்சுக்கிட்டுதான்க்கா இருக்கேன்." உதடு வெளுத்திருந்தது.

"ஒன்பது நிமிஷத்துக்கு ஒருதரமா?"

அவன் ஜெபப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினான். "முக்கால் மணி நேரத்துக்கு ஒருதரம். தாங்க முடிஞ்சுது. தாங்க முடியறப்ப எதுக்குன்னு..."

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன?"

"காலைல ஆறு மணிக்காம்," என்றாள் கிட்டல். சிறுநீரகம் கொடுத்தவள் என்பதால் அவளுக்கும் கோடு போட்ட கோப்பை உண்டு; அதோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நான் வந்து ஒரு மணி நேரமாச்சு. எழுந்திருக்கவே இல்ல."

பிரைண்டல் அவன் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளியது அப்படியே நின்றது. கோப்பையால் எப்படிக் குடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். எப்போது கோப்பையைத் தூக்கியெறிய வேண்டும் என்று சொல்லவில்லை.

பெரிய டம்ளரில் ஊற்றினாள். "ஒரே மூச்சுல குடி."

"இவ்வளவா? ரபி கோப்பைன்னுதானே சொன்னார்? கிட்டல் ஓடிப்போய்க் கேட்டுட்டு வரட்டும். இருபது நிமிஷம்தான்."

"உயிர் போற நேரத்துல கேட்டுக்கிட்டு நிக்கறது கொலைக்குச் சமம்னு சட்டமே சொல்லுது. படிச்சவன்தானே நீ?"

"ஆபத்துன்னு எனக்குத் தோணலையே!"

"உனக்குத் தோண வேண்டாம். தண்ணி வேணும்னு நோயாளி கேட்டா நூறு டாக்டர் தடுத்தாலும் கொடுக்கணும். வேண்டாம்னா டாக்டர் பேச்சுதான். உனக்கு ரெண்டு பக்கமும் தோல்வி."

அவன் டம்ளரைத் தொடவில்லை.

கிட்டல் கிட்டே வந்தாள். "அண்ணே, எங்கிட்ட இருந்தவரைக்கும் அது ஒருநாளும் காஞ்சதில்ல. பக்தி பண்ணணும்னா உள்ளேயே இருக்கற உன் பழைய ரெண்டையும் பட்டினி போடு. என்னோடதுக்குத் தண்ணி ஊத்து."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு டம்ளரை எடுத்தான்.

"ஆசி சொல்லிட்டுக் குடிக்கணுமாக்கா?"

"சொல்லு. உயிரைக் காக்கற கட்டளையைத்தான் நிறைவேத்தற."

சொன்னான். குடித்தான். இரண்டாவது டம்ளர், மூன்றாவது. அதற்குள் பிரைண்டல் போனை எடுத்துவிட்டாள்.

"ஐயோ, போனா! இன்னிக்கு நாம தொடக் கூடாதே," என்றான் ரக்மியேல். "மேல் வீட்டுப் பிலிப்பைன்ஸ் பொண்ணு யூதப் பொண்ணு இல்லையே, அவளை அமுக்கச் சொல்லலாமே."

"அதுக்காகத்தான் நானே அமுக்கறேன். இன்னிக்கு நான் ஆள் தேடினா, அதைப் பாத்த இன்னொருத்தன் அடுத்த வருஷம் ஆள் தேடுவான். வந்து பாத்தா இங்க பொணம் இருக்கும்."

ஆம்புலன்ஸுக்கு முகவரி சொன்னாள். நோன்பில் மயங்கி விழுந்தவர்கள் ஊர் முழுக்க. நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கார் ஓடாத தெருவில் ஜெபக்கூடத்துக் குரல்கள் மட்டும் ஏறி இறங்கின. அரை மணி நேரம் கழித்து ரக்மியேல் சுவரைப் பிடித்து எழுந்தான்.

கழிவறைக் கதவு மூடியது. இரண்டு பெண்களும் வெளியே நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கிட்டல் பிரைண்டலின் வெள்ளைச் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். தொலைவில் ஆம்புலன்ஸ் சத்தம் எழுந்தது. அதற்கடியில் மெல்லிய தாரை ஒன்று. நின்றது. மறுபடி விழுந்தது.

அவன் வெளியே வந்து, நோன்பு நாளில் கை முழுதும் கழுவலாகாது என்பதால், விரல்களை மட்டும் நனைத்துக்கொண்டான். உடம்பின் துவாரங்கள் அடைபடாமல் காக்கும் கடவுளுக்கு நன்றியாக, ஒவ்வொரு முறை போய்வந்த பின்னும் நாங்கள் முணுமுணுக்கும் ஆசி ஒன்று உண்டு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாய் தானாகச் சொல்லும். அவன் அதை நின்று, உரக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"ஆமென்," என்றாள் கிட்டல். அழுதுகொண்டிருந்தாள்.

"ஆமென்," என்றாள் பிரைண்டல். "என்ன நிறம்?"

"கடுந்தேநீர் மாதிரி."

"அப்ப வண்டியில ஏறு."