ஏழாம் நம்பர் கிடாவின் மூன்று குட்டிகள்

ஆராய்ச்சிப் பண்ணையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தராசு என்றுதான் சொல்வார்கள். செம்மறிக் குட்டிகளை எடை போடுவதே இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. குட்டியைத் துணித் தூளியில் வைத்துக் கொக்கியில் மாட்டி, அது உதைத்து ஓய்ந்து, முள் நிற்கும்வரை மூச்சுவிடாமல் பார்ப்பார். இரண்டு கிலோ தொள்ளாயிரம் என்றால் தொள்ளாயிரம்தான். மூன்று என்று எழுதினால் குடியா முழுகிவிடும் என்று பதிவேடு எழுதும் பெண் ஒருமுறை கேட்டுவிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வீட்டிலும் இதே கறார்தான். குழம்பில் ஒரு கல் உப்பு கூடினாலும் மனுஷன் கண்டுபிடித்துவிடுவார், கழற்றி வைத்த கண்ணாடியை மட்டும் கண்டுபிடிக்க மாட்டார் என்பாள் மனைவி.

அந்த வருடம் பண்ணையில் ஒரு பெரிய சோதனை. பெருத்த உடம்புள்ள வெளி இனத்துக் கிடாக்கள் எட்டைக் கொண்டுவந்து, உள்ளூர்ப் பெட்டைகளோடு சேர்த்துவிட்டார்கள். எந்தக் கிடாவுக்குப் பிறந்த கலப்புக் குட்டிகள் மூன்று மாதத்தில் அதிகம் எடை ஏறுகின்றனவோ, அந்தக் கிடாவைச் சுற்றுவட்டார ஆட்டுக்காரர்களுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. பண்ணையை நடத்தும் டாக்டரம்மா ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தார். தாய்ப்பாலும் மேய்ச்சலும் தவிர எந்தக் குட்டிக்கும் எதுவும் தரக் கூடாது. அப்பன் ரத்தம் என்ன செய்கிறது என்று பார்க்கும்போது நடுவில் மனுஷக் கை நுழைந்தால் எல்லாம் பாழ்.

அந்தக் கை கடைசியில் தராசின் கையாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

ஏழாம் நம்பர் கிடாவின் குட்டிகளுக்குப் பிறக்கும்போதே பெரிய தலை. சின்ன உடம்புக்காரப் பெட்டைகள் அவற்றை ஈனுவதற்குள் படாத பாடு பட்டன. மூன்று பெட்டைகள் இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. பாலும் ஒழுங்காக ஊறவில்லை. ஒரு வாரம் கழித்து எடை போட்டால், அந்த மூன்றின் குட்டிகளும் பிறந்த எடையைவிடக் கீழே போயிருந்தன. தூளியில் உதைக்கக்கூடத் தெம்பில்லை. தராசு எடையைச் சரியாகச் சொன்னார். ஆனால் மனசு கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும், சட்டைக்குள்ளிருந்து பால்புட்டியை எடுத்தார். பாலைக் காய்ச்சி வெதுவெதுப்பாகக் கொடுத்தனுப்பியது மனைவி. ஒரு வாரம் என்று ஆரம்பித்தது இரண்டு மாதம் ஓடியது. கல்மனசு என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய மனிதருக்கு, அந்தக் குட்டிகள் சப்பும் சத்தம் கேட்காவிட்டால் மத்தியானச் சோறு இறங்காது என்கிற நிலைமை.

மூன்றாம் மாத எடை நாள். தூளியைக் கண்டாலே ஓடுகிற குட்டிகளுக்கு நடுவில், அந்த மூன்று மட்டும் துள்ளிவந்து அவர் சட்டையை முட்டின. டாக்டரம்மா சிரித்தார், உங்களைப் பார்த்து ஓடாத குட்டியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். தராசும் சிரித்து வைத்தார். முட்டிய தலைகளை அவசரமாகத் தள்ளிவிட்டார்.

சராசரி போட்டபோது ஏழாம் நம்பர்தான் முதல். பன்னிரண்டு குட்டிகளில் அந்த மூன்றும் சராசரியைத் தூக்கி உச்சியில் வைத்துவிட்டன. கிடா வாங்குவோர் பட்டியலில் முதல் ஆளாக இருந்தவர் தராசின் தங்கை புருஷன். அவரிடம் இருந்ததெல்லாம் பதினெட்டுப் பெட்டைகள், எல்லாமே சின்ன உடம்பு. விஷயம் தெரிந்ததும் போன் போட்டார்.

"நீங்க எடை போட்டதுன்னா நான் கண்ண மூடிக்கிட்டு வாங்குவேன் மச்சான்."

தராசு போனை வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவிக்கு எல்லாம் தெரியும்.

"போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா என் வேலை போயிடும்."

"சொல்லலன்னா உங்க தங்கச்சி வீட்டு ஆடு போயிடும்."

காலையில் போய்ச் சொன்னார். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மில்லி, எத்தனை வேளை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். தப்பைக்கூட அளந்து செய்திருக்கிறார் பாருங்கள். டாக்டரம்மா அந்த மூன்று காது நம்பர்களையும் சிவப்பு மையால் அடித்தார். திரும்பச் சராசரி போட்டதில் ஏழாம் நம்பர் நாலாவது இடத்துக்கு இறங்கியது. மூன்றாம் நம்பர் மேலே வந்தது.

"அந்தக் கிடாவோட குறையே தாய்க்குப் பிரசவம் கஷ்டம், பால் வராதுங்கறதுதான். அதத்தானே நீங்க பால் குடுத்து மூடிட்டீங்க" என்றார் டாக்டரம்மா. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. பிறகு கேட்டார்: "இன்னொரு குட்டி அப்படிக் கிடந்தா என்ன பண்ணுவீங்க?"

கொடுக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடைத் தராசு இவர் கையிலேயே இருந்திருக்கும். மனிதருக்கு அந்த வித்தை தெரியவில்லை.

"குடுப்பேம்மா" என்றார்.

வேலை போகவில்லை. தாயில்லாக் குட்டிகளுக்குப் பால்புட்டி கொடுக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். தங்கை புருஷனுக்கு மூன்றாம் நம்பர் கிடா போனது. பதினெட்டும் பிழைத்துக் குட்டி போட்டன. பண்ணையிலேயே மச்சான் இருந்தும் நமக்கு முதலில் சொன்ன ஏழாம் நம்பர் கிடைக்கவில்லையே என்று அவர் இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

அதற்கெல்லாம் முன்பு, குட்டிகளின் ஆறாம் மாத எடை நாளன்று, சிவப்பு மை அடித்த மூன்றையும் வரிசையிலிருந்து விலக்கிவிட்டார்கள். எண்ணிக்கையில் இல்லாதவற்றை எடை போட்டு என்ன ஆகப்போகிறது? அவை நேராக அவர் கொட்டகைக்கு ஓடிவந்து சட்டையை முட்டின. பால்குடி மறந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது, இருந்தாலும் வந்தன.

அவர் ஒன்றை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினார். அது உதைத்து ஓயும்வரை காத்திருந்தார்.

"இருபத்திமூணு நானூறு" என்றார் வாய்விட்டு. எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. கீழே இறக்கிவிட்டு அடுத்ததைத் தூக்கினார்.