முஸ்பிறா மாற்றாமல் விட்ட செட்டிங்

சாய்ந்தமருது முஸ்பிறாவிடம் எதையாவது கேட்டு, இல்லையென்று திரும்பியவர் கிடையாது. ஆஸ்பத்திரியில் தன் நம்பரைக் கூப்பிட்டால் பின்னால் நிற்பவரை முன்னே விடுவாள். மதினி ஆசைப்பட்டாள் என்று சொந்தத் தையல் மெஷினையே தூக்கிக் கொடுத்தவள். "ஆராவது கேட்டா என்னையும் குடுத்திருவாய் போல" என்று கணவன் ஜுனைட் கேலி செய்வான்.

இப்படிப்பட்ட மனுசிக்குப் படிப்பிலும் தன்னைப் போலவே ஒருத்தி கூட்டாளியாக வாய்த்தாள். ஆலையடிவேம்பு செல்லத்தங்கம், வயதில் இளையவள். கல்முனையில் ஒரு தனியார் நிலையத்தில் சனி, ஞாயிறு இருவருக்கும் நெட்வேர்க் வகுப்பு. அக்கரைப்பற்றுப் பஸ்ஸில் செல்லத்தங்கம் உட்கார்ந்து வருவாள். சாய்ந்தமருதில் முஸ்பிறா ஏறியதும் எழும்பி இடம் கொடுப்பாள்.

"நீ இரி புள்ள."

"இல்ல ராத்தா, நீங்க இரிங்க."

இந்த வழக்குத் தீருவதற்குள் மீன்பெட்டியோடு ஏறிய யாராவது அதில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேரும் நின்றபடியே சந்தோசமாகக் கதைத்துக்கொண்டு போவார்கள்.

கடைசிச் செய்முறைப் பரீட்சை வந்தது. ஜோடியாகச் செய்ய வேண்டும். ஆளுக்கொரு ரவுட்டர், கணினி வலைகளை இணைக்கும் பெட்டி. இரண்டையும் ஒரு சீரியல் கேபிளால் தொடுத்துக் கதைக்க வைத்தால் இருவரும் பாஸ், கதைக்காவிட்டால் இருவருக்கும் போச்சு. பாஸானால் அந்த நிலையத்து ஆய்வுகூடத்திலேயே இரண்டு பேருக்கும் வேலை. போட்டோக்கொப்பிக் கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய முஸ்பிறாவுக்கு அந்த வேலையின் மேல் இருந்த ஆசை சொல்லி மாளாது. துஆ கேட்கும்போது இதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் தனக்கே கேட்டாள்.

சிக்கல் ஒன்றுதான். அந்தக் கேபிளில் ரவுட்டர்கள் கதைக்க இரண்டு முறை இருந்தன. எச்.டி.எல்.சி, ரவுட்டரிலேயே போட்டு வருவது. பீ.பீ.பீ, நாம் கட்டளை கொடுத்து மாற்றுவது. எதையும் வைக்கலாம், ஆனால் இரு முனையிலும் ஒன்றே இருக்க வேண்டும். முஸ்பிறாவுக்குப் பீ.பீ.பீ பிடித்தது. இருப்பதே போதும் என்றாள் செல்லத்தங்கம். பரீட்சைக்கு முந்திய வகுப்பு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது முஸ்பிறா, "சரி புள்ள, நீ சொன்னபடியே செய்வம்" என்றாள்.

"இல்ல ராத்தா, நீங்க சொன்னபடியே" என்று அவள் சொல்ல, பஸ் புறப்பட்டுவிட்டது. மற்றவள் விருப்பம்தான் முடிவு என்று இரண்டு பேருமே நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பரீட்சை அறையில் இருவருக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. கேபிள் அதன் கீழாகப் போனது. "ஒரு சொல்லும் கதைக்கப்படா" என்றார் பரீட்சகர் முபாறக் சேர்.

முஸ்பிறா பிஸ்மி சொல்லித் தொடங்கினாள். முகவரி கொடுத்தாள், கடிகார வேகத்தை வைத்தாள், போர்ட்டைத் திறந்தாள். முறையை மட்டும் தொடவில்லை, செல்லத்தங்கம் ஆசைப்பட்டது அதைத்தானே. திரையைப் பார்த்தால் கேபிள் லைன் வேலை செய்தது, ஆனால் ரவுட்டர்கள் கதைக்கவில்லை. முகவரியைத் திரும்பப் பார்த்தாள். சரிதான். பிறகுதான் உறைத்தது. அந்தப் பெட்டை எனக்காகப் பீ.பீ.பீ போட்டிருக்கிறாள்!

அவசரமாகத் தானும் பீ.பீ.பீக்கு மாற்றினாள். அதே நேரம் தடுப்புக்கு அந்தப் பக்கமும் கீபோட் படபடத்தது. அவள் எச்.டி.எல்.சிக்குத் திரும்பிவிட்டாள். ரவுட்டர்கள் கதைக்கவில்லை. ஒடுங்கிய ஒழுங்கையில் எதிரெதிரே வந்த இரண்டு சைக்கிள்கள் ஒரே பக்கம் ஒதுங்கிய கதையாகிவிட்டது.

மறுபடி மாற்றக் கை போனது. முஸ்பிறா நிறுத்தினாள். இப்படியே விட்டுக்கொடுத்தால் அஸர் தொழுகை வரைக்கும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ஒருத்தியாவது அசையாமல் இருக்க வேண்டும். செல்லத்தங்கம் இருப்பாளா? அவளால் செத்தாலும் முடியாது. இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவளும் இதே யோசனையில் இருந்தால்? முஸ்பிறாவுக்கு விரல்கள் நமநமத்தன.

"என்ன சும்மா இரிக்கிறீங்க? நேரம் போகுது" என்றார் முபாறக் சேர். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

தடுப்புக்கு அப்பால் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு கீபோட் படபடத்தது. திரையில் ஒரு வரி ஓடியது, ரவுட்டர்கள் கதைக்கத் தொடங்கிவிட்டன. முஸ்பிறா அந்த முனைக்குப் பிங் அனுப்பினாள். பதில் வந்ததற்கு அடையாளமாக ஆச்சரியக்குறிகள் வரிசையாக வந்து நின்றன. பரீட்சை அறை என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் பாஸ். இனிக் கதைக்கலாம்" என்றார் சேர்.

தடுப்புக்கு மேலால் செல்லத்தங்கத்தின் தலை எட்டிப் பார்த்தது. "ராத்தா! மறுகா ஏன் நீங்க மாத்தல்ல?"

"இந்த வேலை எனக்கு வேணும் புள்ள" என்றாள் முஸ்பிறா. எனக்கு வேண்டும் என்று வாய்திறந்து சொன்னது அவளுக்கே புதிதாக, இனிப்பாக இருந்தது.

செல்லத்தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கும்தான் வேணும் ராத்தா. அதுக்குத்தானே மாத்தினன்!"