எழிலரசியின் அறைக்கு ஒரு ஸ்மோக் அலாரம்

ரஞ்சித்குமாரிடம் எதைக் கேட்டாலும் விதியைத்தான் சொல்வான். நியூ ஜெர்சியில் அவன் குடும்பம் இருக்கும் பகுதியில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு டவுன்ஷிப் நிர்வாகம், அந்தப் பக்கம் இன்னொன்று. குப்பைத் தொட்டியை என்றைக்கு வெளியே வைப்பது என்பதில் தொடங்கி, புகை வந்தால் கத்தும் ஸ்மோக் அலாரம் வீட்டில் எத்தனை மாட்டுவது என்பது வரை இரண்டுக்கும் ஒத்தே போகாது. அவன் இரண்டு ஊர் விதிகளையும் கரைத்துக் குடித்தவன். ஈரோட்டுப் பக்கத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் யார் வீடு வாங்கினாலும் அவனைத்தான் கேட்பார்கள். அவனும் சளைக்காமல் எழுதுவான்: அந்தப் பக்கம் மாடிக்கு ஒன்று, பேஸ்மென்டுக்கு ஒன்று என்று இருந்தால் போதும், இந்தப் பக்கம் ஒவ்வொரு பெட்ரூமிலும் வேண்டும். ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் செய்தவன் வீட்டில், மனைவி எழிலரசி படுக்கும் அறையில் மட்டும் அலாரம் கிடையாது.

அந்த அறை கராஜுக்கு மேலே, மாடியின் கடைசியில் இருக்கிறது. வீட்டு பிளானில் அதற்கு ஆபீஸ் ரூம் என்று பெயர். எழிலரசி பகலில் அங்கே உட்கார்ந்து ஒரு மருந்து கம்பெனிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். இரவில் அங்கேயே ஒரு சோபாவை விரித்துப் படுத்துக்கொள்கிறாள்.

இது அவளுடைய அப்பா இறந்த வருடத்தில் தொடங்கியது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து செய்தி வந்தபோது, ஊருக்குப் போன இடத்தில் பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை கிடைக்காவிட்டால் திரும்பி வர முடியாமல் போகும் என்று சொல்லி ரஞ்சித்குமார் அவளைத் தடுத்துவிட்டான். விதிப்படி அவன் சொன்னது சரிதான், அதனால் அவளால் சண்டைகூடப் போட முடியவில்லை. அப்பாவின் எரியூட்டலை லேப்டாப்பில் பார்த்தாள். பார்த்து முடித்ததும் அவன் ஒரு மீட்டிங் இருக்கிறதென்று எழுந்து போனான். அந்த வாரமே அவள் தலையணையை எடுத்துக்கொண்டு கராஜ் மேல் அறைக்கு வந்துவிட்டாள். உங்கள் குறட்டை தாங்கவில்லை என்றாள். நம்புவதற்குச் சுலபமாக இருந்ததால் அவன் நம்பினான். கல்லூரியிலிருந்து மகள் தென்றல் விடுமுறைக்கு வந்தாலும் சரி, விருந்தாளிகள் வந்தாலும் சரி, அந்தத் தலையணை அவன் கட்டிலுக்குத் திரும்பிவிடும். எல்லார் முன்னாலும் அவர்கள் ஒற்றுமையான தம்பதி.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மதியம் அவள் கதவைச் சாத்தி, ஹீட்டர் ஃபேனை இரையவிட்டு தூங்கிவிட்டாள். ரஞ்சித்குமார் அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு போனில் பேசப் போனான். எண்ணெய் புகைந்து ஹால் அலாரம் வீறிட்டிருக்கிறது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வந்து பார்த்தால் வீடெல்லாம் கமறல், அவன் துண்டை வீசிக்கொண்டு நிற்கிறான். இவ்வளவு நேரம் கத்தியதே, காதில் விழவில்லையா என்று அவளையே கடிந்துகொண்டான். அவள் ஹால் அலாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, என் ரூம்ல ஒண்ணு மாட்டிருங்க," என்றாள்.

"அது பெட்ரூம் இல்லையே எழில். ரூல்படி அங்க தேவையில்ல."

கடைக்குப் போய் ஒன்றை வாங்கி, ஸ்டூல் போட்டு ஏறி அவளே மாட்டியிருக்கலாம். இதற்கெல்லாம் அவளுக்கு ஆள் வேண்டாம். ஆனால் அவன் கையால் மாட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். மாட்டினால், அவள் அங்கே தனியாகப் படுக்கிறாள் என்று ஒரு தடவையாவது ஒப்புக்கொண்டதாக ஆகும். ஏன் என்று அவன் கேட்கக்கூடும். அதற்கு மேல் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. குளிர்காலம் போய் வெயில் வந்தது, அவன் ஸ்டூலைத் தொடவில்லை.

அந்தக் கோடையில் அடுக்களையை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். வேலை முடிந்ததும் டவுன்ஷிப்பிலிருந்து ஒருவர் வந்து வீடு முழுக்க அலாரங்களைச் சரிபார்ப்பார். அவர் வருகிற அன்று காலையில், சோபாவை மடித்துவிடு என்று ரஞ்சித்குமார் சொன்னான். அவள் மடித்தாள். போர்வையையும் தலையணையையும் எடுக்கவில்லை.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். மூச்சு வாங்க மாடியேறி, ஒவ்வொரு பெட்ரூமாக அழுத்திப் பார்த்துவிட்டுக் கடைசி அறை வாசலில் நின்றார். இங்கே யாராவது தூங்குகிறார்களா என்று கேட்டார். இல்லை, ஆபீஸ் ரூம் என்று ரஞ்சித்குமார் பிளானை நீட்டினான். பிளானில் என்ன பெயர் இருந்தாலும் எங்களுக்கு அக்கறையில்லை, ஆள் எங்கே தூங்குகிறாரோ அங்கே அலாரம் வேண்டும் என்றார் அவர். பக்கத்து ஊரில் அப்படிக் கேட்க மாட்டார்களே என்று அவன் தொடங்கினான். அவர் அவனை விட்டுவிட்டு எழிலரசியைப் பார்த்தார். நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள் அம்மா என்று மரியாதையாகக் கேட்டார்.

பெற்ற தாயிடம்கூட வருடக்கணக்காகச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னாள். இங்கேதான், தினமும்.

அவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். இந்த அறைக்கு ஒன்று மாட்டிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலமே ரஞ்சித்குமார் அலாரம் வாங்கிவந்து ஸ்டூல் போட்டு மாட்டினான். எழிலரசி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது கேட்பான் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டபின் அவன் கேட்டான்.

"ஏன் எழில் அந்தாள்கிட்ட போய் அப்படிச் சொன்னே?"

அவள் ஸ்டூலை எடுத்துக் கீழே கொண்டுபோய் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் போனில், அவளும் இருக்கும் அந்த ஈரோட்டு வாட்ஸ்அப் குழுவின் செய்தி ஒன்று வந்து விழுந்தது. இந்தப் பக்கம் யார் எங்கே படுக்கிறார்கள் என்றுகூடக் கேட்கிறார்கள், அதனால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாளே எக்ஸ்ட்ரா ரூமில் இருக்கும் படுக்கையை எடுத்துவிடுங்கள் என்று ரஞ்சித்குமார் எல்லாருக்கும் எழுதியிருந்தான். அதற்குக் கீழே நன்றிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.