கொப்பித் தாளில் வந்த பெறுபேறு

1. இரண்டு விரல்

அலுவலர் அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். மூக்குத் துடைத்த கடதாசியை அப்படித்தான் பிடிப்பார்கள்.

“இதுதான் சான்றிதழா?” என்று என்னிடம் கேட்டார். என் பக்கத்தில் இருந்த ஜெயந்தியை அவர் அதுவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. ஹனோவரில், வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் ஓர் அலுவலகம். நான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். எங்கள் சனம் அகதி விசாரணைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பள்ளிக்கூடப் பதிவுக்கும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த அலுவலருக்கு நான் வைத்த பெயர் ‘லைடர்’. ஜேர்மன் மொழியில் அதற்கு ‘வருத்தத்துடன்’ என்று பொருள். எந்தப் பதிலையும் அவர் அந்தச் சொல்லில்தான் தொடங்குவார். மனிதர் ஒருநாளாவது வருந்தி நான் கண்டதில்லை.

ஜெயந்திக்கு அப்போது இருபது வயது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிப் பெண். ஒரு மருத்துவமனை அவளைத் தாதிப் பயிற்சிக்கு, இங்கே நாங்கள் ‘அவுஸ்பில்டுங்’ என்று சொல்லும் தொழிற்கல்விக்கு, எடுக்கச் சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனை: அவளுடைய சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு இந்த நாட்டுப் பத்தாம் வகுப்புக்குச் சமம் என்று லைடர் ஒரு கடிதம் தரவேண்டும். ஓகஸ்ட் முடிவதற்குள் அது போகாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

கையில் இருந்தது, கோடு போட்ட கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள். அதிபர் தன் கையால் பாடங்களையும் தரங்களையும் எழுதி, ஒப்பமிட்டு, பாடசாலை முத்திரை குத்திக் கொடுத்தது. அதனோடு என் ஜேர்மன் மொழிபெயர்ப்பு. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வெள்ளைத்தாள் தேடுவது தங்கம் தேடுவது மாதிரி. லைடருக்கு இது விளங்குமா? அவருடைய மேசையில் நாலு நிறத்தில் தாள் அடுக்கியிருந்தது.

“முத்திரையில் ஒரு ஊர். கையெழுத்துக்குக் கீழே வேறொரு ஊர். ஒரு பள்ளிக்கூடம் எப்படி இரண்டு ஊரில் இருக்கும்?” என்று கேட்டார்.

“பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்தது,” என்றேன்.

“பள்ளிக்கூடங்கள் இடம்பெயர்வதில்லை. மனிதர்கள்தான் இடம்பெயர்வார்கள். இது எங்கே எழுதியிருக்கிறது?”

நான் பேசாமல் இருந்தேன். “லைடர்,” என்று தொடங்கினார். கொழும்பிலிருந்து மூலச் சான்றிதழ் வேண்டுமாம், தூதரக முத்திரையுடன். எந்த அரசுக்குப் பயந்து ஓடிவந்தாளோ, அதே அரசிடம் போய் நற்சாட்சி வாங்கிவரட்டுமாம். அதற்கு வேண்டிய அடையாள அட்டையை அவளைக் கள்ளமாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எந்த விமான நிலையத்துக் குப்பையில் எறிந்தானோ, யாருக்குத் தெரியும்?

வெளியே நடைக்கூடத்தில் ஜெயந்தி என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, பள்ளிக்கூடம் மாறினது அந்தத் தாளிலையே எழுதியிருக்குத்தானே? அதிபர் கடைசியா எழுதினவர். நீங்கள் அவருக்குச் சொல்லேல்லையோ?”

“பிறகு கதைப்பம்,” என்றேன்.

2. நான் விட்ட வரி

உண்மையில் அது எழுதியிருந்தது. லைடரின் மூக்குக்கு முன்னால், தமிழில், அழகான கையெழுத்தில். ‘இப்பாடசாலை இடம்பெயர்ந்து, பிறிதொரு பாடசாலையின் கட்டடத்தில் மாலை வேளையில் இயங்குகிறது. இடப்பெயர்வினால் பதினொரு மாதங்கள் வகுப்புகள் நடைபெறவில்லை. கடதாசித் தட்டுப்பாட்டினால் இக்கடிதம் இவ்வாறு வழங்கப்படுகிறது.’

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மறந்துபோய் அல்ல, தெரிந்தேதான் விட்டேன்.

எங்கள் யாழ்ப்பாணத்து வியாதி அது. சோறில்லை என்று சொல்லுவோம், வீடில்லை என்று சொல்லுவோம். பிள்ளை படிக்கவில்லை என்று மட்டும் வாய் வராது. படிப்புத்தான் எங்களுக்கு மானம், மரியாதை, சீதனம், மண்ணாங்கட்டி எல்லாம். பதினொரு மாதம் பள்ளிக்கூடம் இல்லை என்று ஒரு வெள்ளைக்காரனுக்கு என் முத்திரையை வைத்து நானே எழுதிக் கொடுப்பதா என்று நினைத்தேன். அதோடு, அந்த வரிகள் மன்னிப்புக் கேட்பது மாதிரியும் பட்டன. ஆகவே அவற்றை விழுங்கிவிட்டு, தரங்களை அட்டவணை போட்டு, நடுவில் தலைப்பும் வைத்து, லைடருடைய பிள்ளையின் சான்றிதழ் மாதிரியே சோக்காகத் தட்டச்சு செய்தேன். கொப்பித்தாள், கையெழுத்து என்று ஒரு குறிப்புக்கூட எழுதவில்லை. மூலத்தில் உள்ள கறையைக்கூடக் குறிப்பிடவேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி.

லைடர் கேட்டபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் என் முத்திரை பொய் என்று ஆகிவிடும். அதனால் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஊமையாக இருந்தேன். இத்தனை வருடம் அலுவலர்களை ‘மரமண்டைகள்’ என்று திட்டித் திரிந்தவள் நான்.

3. இரண்டாவது மொழிபெயர்ப்பு

அடுத்த நாள் ஜெயந்தி வீட்டுக்கே வந்துவிட்டாள். என் மொழிபெயர்ப்பை அகராதி வைத்து வாசித்திருக்கிறாள்.

“அக்கா, அந்த வரியைக் காணேல்லை. ஏன் விட்டனீங்கள்?”

“அது வடிவில்லையெண்டு விட்டனான், பிள்ளை.”

“எங்களுக்கு நடந்தது அதுதானே அக்கா. பதினொரு மாசம் கோயில் மடத்திலை கிடந்தனாங்கள். பிறகும் விட்ட இடத்திலையிருந்து படிச்சு ஏழு பாடத்திலை டி எடுத்தனான். அந்த வரி இல்லாட்டி என்ரை டிக்கு என்ன மதிப்பு?”

டி என்றால் எங்கள் ஊரில் அதி உயர்ந்த தரம். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

முழுவதையும் மறுபடி மொழிபெயர்த்தேன். கோடு போட்ட தாள், மை பரவிய இடம், முத்திரையின் தேய்ந்த விளிம்பு, எல்லாம். ‘டெர்மின்’, அதாவது லைடரைச் சந்திக்க நேரம், கிடைக்கப் பத்து நாள். லைடர் இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“போன தடவை கேட்டபோது இப்படி ஒரு வசனம் இல்லை. இப்போது என் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒன்று வந்திருக்கிறது. எதை நம்புவது?”

“முதலில் நான் அதை விட்டுவிட்டேன். பிழை என்னுடையது,” என்றேன்.

“தெரிந்தேதானா?”

“ஓம்,” என்று தமிழில்தான் வாயில் வந்தது.

“லைடர், அப்படியானால் உங்களுடைய எந்த வசனத்தையும் நான் நம்ப முடியாது.”

அந்த மனிதர் சொன்னதில் நியாயம் இருந்த ஒரே நாள் அதுதான். எனக்கு இன்றும் ஆறாதது அதுவும்தான்.

தாள் வேறொரு மொழிபெயர்ப்பாளரிடம் சரிபார்க்கப் போனது. ஆறு கிழமை, ஒன்றரை மாதம். அவர் நான் இரண்டாவதாக எழுதியதையே சொல்லுக்குச் சொல் எழுதி அனுப்பினார். போர் காரணமாக மூலம் பெற முடியாதவர்களுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் லைடருக்கு நினைவு வந்தது. நான் முதல் நாளே அந்த வரியை எழுதியிருந்தால் முதல் நாளே நினைவு வந்திருக்கும். ‘சமம்’ என்ற கடிதம் ஒக்டோபரில் வந்தது. மருத்துவமனையில் ஜெயந்தியின் இடத்தில் வேறொரு பெண் ஏற்கெனவே வேலைச்சட்டை போட்டிருந்தாள். இனி அடுத்த வருடம் வரட்டும் என்றார்கள்.

கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு அழுதேன். அவள் அழவில்லை.

“பரவாயில்லை அக்கா. ஒரு வருசம்தானே. எங்களுக்கு உது பழக்கம்.”

இப்போது இந்த வேலைக்கு வரும் இளம் பிள்ளைகள் என்னிடம் நல்ல அகராதி எது என்று கேட்கிறார்கள். ஏதாவது ஒன்றை வாங்குங்கள். தாளில் இருப்பதை மட்டும் முழுவதும் எழுதுங்கள். கிழிசலையும் எழுதுங்கள், பதினொரு மாதத்தையும் எழுதுங்கள். ஊரில் அவளுடைய படிப்பைக் குண்டு போட்டுக் கெடுத்தார்கள். இங்கே ஒரு வருடத்தைக் கெடுத்தது லைடர் என்றுதான் எல்லோரிடமும் கனகாலம் சொல்லித் திரிந்தேன். கெடுத்தது நான்.