லாரி வந்த பிறகு வந்த பதில்

எந்த லாரி எங்கே நிற்கிறது என்று காட்டும் சிறிய நாமக்கல் நிறுவனம் ஒன்றில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு லாரியும் நிமிடத்துக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தை அனுப்பும். எல்லாவற்றையும் ஒரே டேபிளில் கொட்டினால் தாங்காது என்று, மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷனாகப் பிரித்து வைத்திருந்தேன். அதில் எனக்கு ஏகப் பெருமை. பிரித்த பிறகும் தேடல் நகரவில்லை என்பதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

ஒரு மதியம் முட்டை லாரி முதலாளி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங்க, நம்ம வண்டி எங்க வருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

வண்டி எண்ணைத் தட்டினேன். திரையில் வட்டம் சுற்றியது. டீ வந்தது, குடித்தார். வட்டம் சுற்றியது. வெளியே ஏர் ஹாரன் அலறியது. டிரைவர் இறங்கி வந்து முதலாளி பின்னால் நின்றபோதுதான் பதில் வந்தது: வண்டி புதுச்சத்திரத்தில் இருக்கிறது.

முதலாளி திரையைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். "அப்ப இது யாருங்க?"

அவமானம் தாங்காமல் அன்றே தேடல் வரியைப் பிரித்துப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். ஒவ்வொரு பதிவின் தேதியையும் எழுத்தாக மாற்றி ஒப்பிடச் சொல்லியிருந்தேன். எந்த மாதத்தில் தேடுவது என்று தெரியாமல், அது எல்லா மாதங்களையும் திறந்து துழாவியது. 'இன்று காலை முதல் இப்போது வரை' என்று தேதியை நேராகக் கொடுத்தேன். இந்த மாதத்தை மட்டும் திறந்தது. கண் சிமிட்டுவதற்குள் பதில்.

அடுத்த வாரம் முதலாளி போனில் கேட்டு முடிப்பதற்குள் சொன்னேன். "எடப்பாடிங்க."

"தேடிப் பாத்தீங்களா, சும்மா சொல்றீங்களா? சங்ககிரியில பஞ்சர்னு டிரைவர் சொன்னானே!"

எடப்பாடியில் இருந்தது டிரைவரின் மாமியார் வீடு.

மறுநாள் டிரைவர் என்னைத் தேடி வந்தார். "சாமி, அந்த வட்டத்த முன்ன மாதிரியே சுத்த உடுங்க. அது சுத்தி முடிக்கறதுக்குள்ள ஒரு வாய் சாப்புட்டு ரோட்டுக்கு வந்துருவனுங்க."

முடியாது என்று, மாதம் மாதமாகப் பிரித்த கதையை விளக்கினேன். கவனமாகக் கேட்டார். "அப்ப நம்ம வண்டிய மட்டும் போன மாசத்துல போய்த் தேடச் சொல்லுங்க."

சிரித்துவிட்டேன். வேறு வழியின்றி அவர் முதலாளியிடமே உண்மையைச் சொல்லி, வாரம் ஒரு மதியம் எடப்பாடிக்கு அனுமதி வாங்கிக்கொண்டார்.

சில வாரம் கழித்து முதலாளி அழைத்தார். வண்டி எடப்பாடி என்றேன்.

"தெரியுங்க. நானும் இங்கதான் இலையில உக்காந்திருக்கறன். சரியாக் காட்டுதான்னு பாத்தனுங்க."